குருசுப்பாறையின் இடப்பக்கம்

நவம்பர் 3

சிஸ்டர் எவரெஸ்டா இன்று என்னை அலுவலறைக்குக் கூப்பிட்டு ஒரு பைனாகுலரையும் ஒரு படத்தாளையும் கையில் திணித்தார். நாகர்கோவிலில் பறவை பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து கடலோரப் பள்ளிகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்களாம். சங்குமுனைப் பாறைகளில் என்னென்ன கடற்காகங்கள் வந்து உட்காருகின்றன என்று வாரத்துக்கு ஒருமுறை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். வலசை முடிந்து அவை திரும்பிப் போகும் மட்டும்.

"சயன்ஸ் டீச்சர் பிரசவ லீவுல இருக்காங்க. நீங்க கணக்கு டீச்சர். எண்ணத்தானே வேணும்?" என்றார்.

படத்தாளைப் பார்த்தேன். எல்லாப் பறவையும் ஒன்றுபோலவே இருக்கிறது. வெள்ளை உடம்பு, சாம்பல் முதுகு, எதையோ திருடப் போகிற பார்வை. பிறந்ததிலிருந்து இந்தக் கரையில்தான் இருக்கிறேன். எங்களுக்கு எல்லாமே கடக்காக்காதான்.

வீட்டுக்கு வந்து நெத்திலி ஆய்ந்தேன். இவர், என் வீட்டுக்காரர், கேட்டார், "அது என்ன பிள்ளே, கழுத்துல தொங்குது?" சொன்னேன். வாங்கிக் கண்ணில் வைத்தவர் நெடுநேரம் எடுக்கவே இல்லை.

நவம்பர் 5

பைனாகுலர் இவரிடம் போய்விட்டது. இரண்டு நாளாகக் காலையில், சங்குமுனையில் சிலுவை நட்டிருக்கும் குருசுப்பாறைக்குப் போகிறார். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது எனக்காகப் பார்த்துச் சொல்கிறாராம்.

எனக்கு விளங்கவில்லை. கிளீட்டஸ் இருபது வருடத்துக்கு மேல் ஆழ்கடல் விசைப்படகில் ஸ்ராங்கு. அதாவது படகை ஓட்டுகிறவர். ஏழெட்டுப் பேருடைய உயிர் இவர் கைச் சக்கரத்தில். இத்தனை வருடத்தில் ஒரு பறவையைப் பற்றி இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. செப்டம்பரில் கரைக்கு வந்தவர் மறுபடி கடலுக்குப் போகவில்லை. முழங்கால் வலியாம். முழங்கால் வலிக்கிறவர் குருசுப்பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

அந்தக் கடைசிப் பயணத்தில் இருட்டில் ஒரு சின்ன வள்ளத்தை இவர் படகு உரசிவிட்டது. வள்ளத்தில் இருந்த ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவர்கள் விளக்குப் போடாமல் கிடந்தார்கள் என்று இவர் சொன்னார். படகில் இருந்த என் அக்காள் மகன் ஷிபினும் அதையே சொன்னான். இரண்டு ஊர்க் கமிட்டியும் பேசி, தப்பு வள்ளத்தின் மேல் என்று முடிந்தது. அது இவர் மனதில் கிடக்கிறதோ என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மனதில் பாரம் உள்ளவன் காலையில் முகச்சவரம் செய்துகொண்டு கிளம்ப மாட்டான்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து நானும் கூடப் போனேன். சிலுவை நட்ட பாறைக்கு வலப்பக்கம் ஊசிக்கல். இடப்பக்கம் பாய் விரித்ததுபோல் தட்டையாகக் கிடக்கும் பாய்ப்பாறை. நடுவில் உட்கார்ந்தோம். வானம் மூடிக்கிடந்தது, மழை இல்லை.

முதல் பாடம்: ஆலாவையும் கடற்காகத்தையும் பிரித்தறிவது. ஆலாவுக்கு வால் கவை. ஒல்லி உடம்பு. தண்ணீரில் தலைகீழாகப் பாயும். கடற்காகம் கொஞ்சம் தடியன். உட்கார்ந்து காத்திருந்து பிடுங்கித் தின்னும்.

இரண்டாவது பாடத்தில்தான் தடுமாறினேன். பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் என்று படத்தாள் சொல்கிறது. ஆனால் இந்தக் காலத்தில் இரண்டுக்குமே தலை வெள்ளைதான். கன்னத்தில் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு புள்ளி மட்டும். பெயரில் உள்ள தலை மார்ச் வாக்கில்தான் வருமாம். பெயரை நம்பி ஒருவரை அடையாளம் காண முடியாது என்று ஆகிறது.

"கண்ணப் பாரு" என்றார் இவர். "கண்ணு வெளுத்திருந்தா பழுப்புத்தலை. கறுத்திருந்தா கருந்தலை. பறக்கும்போது எறக்க நுனிக் கறுப்புல வெள்ளப் பொட்டு தெரிஞ்சா அதுவும் பழுப்புத்தலைதான்."

"எப்பம் படிச்சிய இதெல்லாம்?"

"வேலை இல்லாதவனுக்கு வேற என்ன சோலி?"

நல்ல பதில். உடனே வந்த பதில்.

நவம்பர் 14

சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து வைக்கிற இடத்தில்தான், இடது கைப்பக்கம் வைத்திருந்தேன். "பூனை தட்டிச்சு" என்றார். பூனை அடுப்பங்கரையில் என் காலடியில் இருந்தது.

ஒரு டம்ளருக்கு எதற்குப் பொய்?

இன்னொன்றையும் கவனித்தேன். முன்பெல்லாம் நான் பேசினால் மீனைப் பிய்த்துக்கொண்டே "ம்" போடுவார். இப்போது முகத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்க்கிறார். நான் வருடக்கணக்காகப் பரீட்சைக் கூடத்தில் நிற்கிறவள். மடியில் சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகள்தான் டீச்சரை அப்படி நேராகப் பார்க்கும்.

நவம்பர் 17

கோயில் நடையில் இவர் என் தோளை உரசாத குறையாகக் கடந்து போனார். கையாட்டினேன். தெரியாத பெண்ணைக் கடப்பதுபோல் போய்விட்டார். பக்கத்தில் நின்ற ஏழாம் வகுப்பு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

நவம்பர் 20

துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுச் செலின் வேலியோரம் வந்தாள்.

"டீச்சரே, ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கப்பிடாது."

"சொல்லு."

"அண்ணன் டெய்லி சாயங்காலம் கொரற்றி கடைக்குப் போறாரு."

"கடைன்னா ஆளு போவாங்கதான்."

"கடைக்கு முன்னால இல்ல டீச்சரே, உள்ள. கொஞ்ச நேரத்துல வந்துருவாரு. வரும்போது கண்ணத் தொடச்சிட்டு வாறாரு. அழுதது மாதிரி." வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு என்னத்துக்கு, பாத்ததச் சொன்னேன்."

கொரற்றியின் புருஷன் கடலில் இறந்துபோய்ப் பல வருடமாகிறது. குளிர்பானமும் மிட்டாயும் நூல்கண்டும் விற்கிற கடை. எனக்கு அவள் பள்ளியில் இரண்டு வகுப்பு இளையவள். நன்றாகச் சிரிப்பாள்.

செலினிடம் "இவரு அங்க சோடா குடிக்கப் போவாரு" என்றேன். இவருக்குச் சோடா ஆகாது. செலினுக்கும் அது தெரியும்.

நவம்பர் 23, ஞாயிறு

பறவைகளைப் பற்றி எனக்கு இருந்த ஒரே தெளிவு, இவர் அவற்றைப் பார்க்கவே இல்லை, சும்மா சாக்குச் சொல்கிறார் என்று முடிவு கட்டியதுதான். இன்று அதுவும் போயிற்று.

"ஊசிக்கல்லுல ஒண்ணு இருந்துச்சு ஜெசி. வெளுத்த கண்ணு. கண்ணச் சுத்தி நூல் மாதிரி செவப்பு வளையம். அலகு செவப்பு, நுனி மட்டும் கறுப்பு. எடது காலு கொஞ்சம் வளஞ்சிருக்கு, வலது காலுல ஊணித்தான் நிக்கும்" என்றார்.

சிவப்பு வளையம் படத்தாளில் இல்லை. பள்ளி நூலகத்தில் ஒரு தடித்த பறவைப் புத்தகம் உண்டு. எடுத்துப் பார்த்தேன். வளர்ந்த பழுப்புத்தலைக்கு அப்படி உண்டாம், மிக அருகில் பார்த்தால்தான் தெரியுமாம்.

பத்து வரி தப்பாக எழுதும் பையன் பதினோராவது வரியில் கல்லூரிக் கணக்கைப் போட்டால் நான் என்ன நினைப்பேன்? யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். நாகர்கோவில்காரர்கள் யாராவது இங்கே வந்துபோகிறார்களா? கொரற்றிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நவம்பர் 29, சனி

இதை எழுதி வைக்க வேண்டும்.

காலையில் சிறப்பு வகுப்பு. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பாறைகள் தூரத்தில் தெரியும். பாய்ப்பாறை முழுக்க வெள்ளை. உப்புக் கொட்டி வைத்ததுபோல். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலிலேயே நின்றேன். வகுப்பு முடியும்வரை அவை எழும்பவே இல்லை. நடுநடுவே கறுத்த முதுகுடன் பெரிய உருவங்கள்கூட இருந்தன. அந்தப் பெரிய இனத்தைத்தான் நாகர்கோவில்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். மஞ்சள் கால், மஞ்சள் அலகு, அலகின் கீழே சிவப்புப் பொட்டு. சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு மனித உருவம் இருந்ததா என்று பார்த்தேன். சிலுவையும் நிழலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. சொல்ல முடியவில்லை.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன், "இண்ணைக்கு என்னவெல்லாம் வந்துது?"

"பெருசா ஒண்ணும் இல்ல. ஊசிக்கல்லுல ரெண்டு மூணு."

"காலையில முழுக்க அங்கதான இருந்திய?"

"பின்ன எங்க?"

"பாய்ப்பாறையில?"

முகத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். "அங்க ஒண்ணும் இல்லியே."

பாய்ப்பாறை இவர் உட்காரும் இடத்திலிருந்து கைநீட்டும் தூரத்தில் இருக்கிறது. அத்தனை பறவைகளை அங்கே இருந்த எந்த மனிதனும் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே இவர் அங்கே இல்லை.

குழம்பில் உப்புக் குறைவு என்றார். போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

டிசம்பர் 2

இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அலை எப்படி இருந்தது, கட்டுமரக்காரர்கள் யாராவது போனார்களா. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. நன்றாகத் தயாரித்த பொய் இப்படித்தான் இருக்கும்.

இருட்டுவதற்குள் ஸ்கூட்டரை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். லைட்டு சரியில்லையாம். ஷிபின் வந்தபோது போட்டுப் பார்க்கச் சொன்னேன். "நல்லாத்தான் எரியுது சித்தி" என்றான்.

டிசம்பர் 7, ஞாயிறு

சாயங்காலம் கொரற்றி கடைப் பக்கமாகப் போனேன். நூல்கண்டு வாங்க.

கடையில் ஆள் இல்லை. உள்வாசல் துணித் திரை பாதி விலகியிருந்தது. இவர் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து நின்றாள். ஒரு கை இவர் கன்னத்தில் இருந்தது.

நூல்கண்டு வாங்கவில்லை.

டிசம்பர் 8

மாதா திருநாள். விடுமுறை. பரண் மேல் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். இவர் உதவ வந்தார். வேண்டாம் என்றேன். "என்ன பிள்ளே, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். என் முகம் எப்படி இருக்கிறது என்று நல்ல அக்கறை.

நாகர்கோவிலுக்கு இந்த வாரக் கணக்கைச் சொன்னேன். நான் மாடியிலிருந்து பார்த்ததை மட்டும் சொன்னேன். இவர் சொன்னதை விட்டுவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

இதை நிதானமாக எழுத முயல்கிறேன்.

சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு இறங்கினேன். வகுப்பு இல்லை. கோயிலுக்குப் பின்னால் போகிற பாதையாகச் சுற்றி, பாய்ப்பாறைப் பக்கமாக ஏறினேன். கொரற்றி அங்கே இருப்பாள், அல்லது இவர் அங்கே இருக்க மாட்டார். இரண்டில் ஒன்று. எதுவாக இருந்தாலும் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

இவர் இருந்தார். தனியாக. சிலுவையின் அடிக்கல்லில் சாய்ந்துகொண்டு, பைனாகுலரை ஊசிக்கல்லுக்கு நேரே பிடித்திருந்தார். பக்கத்தில் துண்டும் சாயா பிளாஸ்க்கும்.

நான் மறையவில்லை. அதை எழுத வேண்டும். இவருக்கு இடப்பக்கத்தில், திறந்த பாறையில், பட்டப்பகலில், நீலச் சேலையோடு நடந்து வந்தேன். இவர் பைனாகுலரை இறக்கிக் கடலைப் பார்த்தார். நான் இன்னும் கிட்டே வந்தேன். திரும்பவில்லை. வேண்டுமென்றே என்னைத் தெரியாததுபோல் இருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே எரிந்தது.

"வாலே மக்கா, கண்ணக் காட்டு" என்று சொன்னார். என்னிடம் இல்லை. ஊசிக்கல்லில் இருந்த பறவையிடம். வளைந்த காலோடு ஒன்று அங்கே நின்றது.

பிளாஸ்க்குக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். பிளாஸ்க்கைக் கையில் எடுத்தேன்.

இவர் இடது கையை நீட்டினார். கண் கடலைப் பார்த்தபடியே இருந்தது. கை பாறையைத் தடவியது. பிளாஸ்க் இருந்த இடத்தைத் தட்டிப் பார்த்தது. கொஞ்சம் தள்ளித் தட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளி வந்து என் கால்விரலைத் தொட்டது.

"யம்மா!" என்று கத்திவிட்டார். பிறகு முகத்தை முழுதாகத் திருப்பினார், ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்தாரே, அதேபோல்.

நான் கேட்க வந்ததை எல்லாம் மறந்துவிட்டேன். "எவ்வளவு நாளா?" என்று மட்டும் வந்தது.

"கரைக்கு வந்த வாரமே தெரியும்" என்றார். "முதலாளியப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு ஒரு நாள் போனேன் இல்லியா? திருவனந்தபுரத்துல கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போனேன். கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிப்போச்சாம். ஓரப் பார்வை எல்லாம் போயிட்டுது, எடது கண்ணுல ரொம்ப. போனது போனதுதான், வராது. இருக்கதக் காப்பாத்த டாக்டர் மருந்து தந்தாரு. டெய்லி சாயங்காலம் ஊத்தணும்."

"மருந்து எங்க?"

"குளுந்த எடத்துல வைக்கணும். நம்ம பிரிட்ஜில வச்சா நீ பாப்ப."

அதற்கு மேல் இவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணித் திரையும் கன்னத்தில் இருந்த கையும் என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பயந்தது நடக்கவில்லை. பாறையிலிருந்து இறங்கும்போது இவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றியது. பிடிக்கவில்லை. முன்னால் நடந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 14

இட்லி மட்டும் வைத்தேன். டம்ளரை வலப்பக்கம் வைத்தேன்.

டிசம்பர் 16

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு வந்திருக்கிறது. திருத்துகிறேன்.

இவர் இன்றும் சாயங்காலம் அங்கேதான் போனார். நம் வீட்டிலும் பிரிட்ஜ் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. வேறு ஒரு பெண்ணைத் தொட்டிருந்தால் இவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், பங்குச் சாமியாரிடம் சொல்லியிருப்பேன். இதற்கு எங்கே போய் என்ன சொல்ல? என் புருஷன் குருடாகிக்கொண்டு வருகிறார், அதை என்னிடம் சொல்லாமல் சோடாக் கடைக்காரியிடம் சொன்னார் என்றா?

டிசம்பர் 25

காலைப் பூசைக்குப் போனோம். இடப்பக்கக் கடைசி இருக்கையில்தான் உட்காருவேன் என்கிறார். அங்கே இருந்தால் இடப்பக்கம் சுவர் மட்டும்தான், ஆள் வந்து மோத மாட்டார்கள். இந்த மூன்று மாதமாக அந்த இருக்கையைப் பற்றியும் நான் ஏதேதோ நினைத்து வைத்திருந்தேன்.

அக்காள் வீட்டில் ஆட்டிறைச்சி. ஷிபினுக்கு வைகாசியில் கல்யாணம் பேசுகிறார்கள்.

டிசம்பர் 27

படகு முதலாளி வில்பிரட் போன் செய்தார். புது வருடம் பிறந்ததும் படகு கிளம்புகிறது. ஸ்ராங்கு இல்லை. இவர் "வாறேன்" என்று சொல்லிவிட்டார். என் முன்னால். சிரித்துக்கொண்டு.

போனை வைக்கும்வரை பொறுத்தேன்.

"எங்க போறிய?"

"கடலுக்கு."

"கண்ணு?"

"நேர பாத்தா எனக்கு எல்லாம் தெரியும் ஜெசி. நூறு அடிக்கு அப்பறம் இருக்க காக்காக்கு கண்ணு என்ன நெறம்னு நான் சொல்லுவேன், நீ சொல்லுவியா? படகு நேரதான போவுது?"

"ஷிபின் அதுல இருக்கான்."

"ஷிபினுக்கு நான் யாரு? அவன கொல்லவா கொண்டு போறேன்?" குரல் உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. "கரையில இருந்தா நான் ஆருன்னு எனக்கே தெரியல பிள்ளே."

இப்போது எனக்குப் புரிகிறது, எதற்கு அந்தப் பைனாகுலர் என்று. இவர் பறவை பார்க்கவில்லை. தன் கண்ணைத் தானே பரீட்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கண், கறுத்த கண், சிவப்பு வளையம். ஒவ்வொரு நாளும் தனக்குத் தானே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். தெரிந்த கேள்வியை மட்டும் கேட்டு.

முதலாளியிடம் நானே சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். இவர் எனக்குத் தெரியாமல் செய்ததை நான் இவருக்குத் தெரியாமல் செய்வதா?

டிசம்பர் 30

"ஒரு தடவ என்கூட பாறைக்கு வாங்க. அதுக்கு அப்பறமும் போறேன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். வந்தார்.

நேற்று பெய்த மழையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பாய்ப்பாறை நிறைந்து கிடந்தது. இவர் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், மெதுவாகக் கூட்டிப் போனேன். சில பறவைகள் தலை தூக்கிப் பார்த்தன. எழும்பவில்லை. சிலுவையடியில் உட்கார்ந்தோம்.

"ஊசிக்கல்லப் பாருங்க. தலையத் திருப்பாம சொல்லுங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணு இருக்கு. பழுப்புத்தலை. இந்த வருசத்துக் குஞ்சு. வாலு ஓரத்துல கறுப்புப் பட்டை தெரியுது பாரு." குரலில் பெருமை. சொன்னது சரிதான். நானும் பார்த்தேன்.

"வேற?"

"தூரத்துல ஒரு வள்ளம். வெளிய போவுது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. காலியாக் கெடக்கு."

இவர் அவ்வளவு நம்பிக்கையோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெரிய அலை ஒன்று பாய்ப்பாறையில் ஏறி அடித்தது. அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பின. சிறகுச் சத்தமும் கத்தலும் காதை அடைத்தன. இவர் திடுக்கிட்டுக் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோனார். பறவைகள் இடமிருந்து வலமாக எங்கள் முன்னால் கடந்து போயின. எனக்கு அவை பாறையிலிருந்து வந்தன. இவருக்கு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்திருக்கும். பெரிய கறுத்த முதுகுக்காரர்களும் போனார்கள். முடிய வெகுநேரம் ஆயிற்று.

"இதெல்லாம் எங்க கெடந்துது?" என்றார்.

"இங்கதான். ஒங்க பக்கத்துல."

"நாம வந்ததுலேருந்தா?"

"நாம வரதுக்கு முன்னாலேருந்தே."

இடப்பக்கம் முழுதாகத் திரும்பி அந்தக் காலிப் பாறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எச்சமும் ஈரமுமாகக் கிடந்தது. நான் தோளைத் தொட்டேன்.

"லைட்டு இருந்திருக்கும் ஜெசி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன லைட்டு?"

"அந்த வள்ளத்துல. எடது பக்கமாத்தான் வந்துது. லைட்டு இல்லன்னு நான் பொய் சொல்லல, சத்தியமா எனக்குத் தெரியல. அவன் போட்டிருந்திருப்பான். ஷிபின் உள்ள தூங்கிட்டு இருந்தான். நான் சொன்னதத்தான் அவனும் சொன்னான்."

பாறையில் உட்கார்ந்தபடியே முதலாளிக்குப் போன் செய்தார். "நான் வரேல்ல முதலாளி. ... இல்ல, முட்டு வலி இல்ல. கண்ணு. ... ஆமா. ... இல்ல, இனிமே எப்பவும் இல்ல." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இறங்கும்போது நான் இடப்பக்கம் வந்தேன்.

ஜனவரி 3

ஷிபினைக் கூட்டிக்கொண்டு அந்த வள்ளத்துக்காரர் ஊருக்குப் போனார். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

திரும்பி வந்தபோது சட்டையில் மேல் பொத்தான்கள் இல்லை. ஷிபின்தான் வாசலில் நின்று மெல்லச் சொன்னான். "சித்தப்பா கை கட்டிட்டே நின்னாரு சித்தி. கடைசியில அந்தத் தோள் முறிஞ்ச பெரியவரே, போதும் விடுங்கடேன்னு சொல்லிட்டாரு." ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கமிட்டியிலும் எழுந்து சொல்லப் போகிறாராம்.

பொத்தான் தைத்தேன். ஒரே நிறத்தில் இல்லை.

ஜனவரி 6

சாயங்காலம் கொரற்றி கடைக்குப் போனேன். இவர் வருவதற்கு முன்னால்.

என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. ஒன்றும் கேட்காமல் பிரிட்ஜைத் திறந்து, கலர் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து சின்னக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்க அம்மைக்கும் இதேதான் டீச்சரே. ஊத்தி ஊத்திப் பழக்கம். அதான் எங்கிட்ட வந்தாரு. பெண்டாட்டிட்ட சொல்லுங்கண்ணேன்னு டெய்லி சொல்லுவேன்."

"நீ வந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்னத்தக் கேப்பிய? அவரு கண்ணுக்கு என்னன்னு கேப்பியளா, நான் எதுக்கு அவரு கண்ணத் தொட்டேன்னு கேப்பியளா?"

குப்பியை எடுத்துக்கொண்டேன். வாசல்வரை வந்தவள், "கீழ் இமைய இழுத்துப் பிடிக்கணும், அவரு அசைவாரு" என்றாள். தலையாட்டினேன்.

வீட்டில் இவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில்.

"கொரற்றி மொதல்ல மேல பாக்கச் சொல்லுவா" என்றார்.

"பேசாம கெடங்க."

மூன்றாவது சரியாக விழுந்தது. கண்ணை மூடினார். மருந்துத் தாளில் போட்டிருந்தபடி மூக்கோரத்தில் விரலால் அழுத்திப் பிடித்தேன். இமைக்குக் கீழே கண் உருண்டுகொண்டிருப்பது விரலில் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

மற்றக் கண்ணுக்கு ஊற்றும்போது கேட்டேன், "வேற என்ன மறச்சு வச்சிருக்கிய?"

"ஒண்ணும் இல்ல பிள்ளே."

இரண்டு கண்ணும் மூடியிருந்தன. நம்பினேன் என்று எழுத ஆசைதான். நாளைச் சாயங்காலமும் கேட்பேன். நாளை மறுநாளும். தினமும் ஊற்ற வேண்டிய மருந்துதானே.